குஞ்சுக்கு முன் இரை

கல்வராயன் மலையின் அடிவாரத்திலும், மலைமேல் வெள்ளிமலையைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களிலும், மழைநீரைத் தேக்கும் குட்டை ஒன்றைத் தம் நிலத்தில் உடைய விவசாயி அதில் மீன் வளர்க்க எண்ணுவது இயல்பே. நெல்லுக்கும் கரும்புக்கும் மரவள்ளிக்கும் பாய்ச்சியது போக எஞ்சும் நீர், வீணே வற்றிப் போகாமல் குடும்பத்திற்கு ஒரு வருமானத்தைத் தருமாயின், அது வரவேற்கத்தக்கதாகும். அவ்வாறு எண்ணுபவர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றார். குட்டையில் நீர் எத்தனை மாதம் நிற்கும் என்பது ஒன்று. குஞ்சு எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டினும் முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. விடப்படும் குஞ்சு முதல் பதினைந்து நாட்களில் எதைத் தின்று உயிர் வாழும் என்பதே அது. இக்கேள்விக்கு விடை காணாமல் குட்டையில் குஞ்சு விடுவது, உழாத தரிசில் விதையை வீசுவதற்கு ஒப்பாகும்.

இதனால் விளையும் நஷ்டம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வளர்ந்த மீன் இறந்தால் மிதக்கும், ஊரார் பார்ப்பர், காரணம் தேடுவர். அரை அங்குலமும் இல்லாத நுண்குஞ்சு இறந்தாலோ ஒரு சுவடும் இராது. இரண்டு மாதம் சென்று வலை இழுக்கும்போது கைப்பிடி மீனே கிடைக்கும். அப்பொழுது குஞ்சு விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றும், கொக்கு தின்றுவிட்டது என்றும், இரவில் எவரோ பிடித்துச் சென்றனர் என்றும், அந்த நீர் மீனுக்கு ராசியில்லை என்றும் பலவாறு பேசுவர். பசியால் இறந்தன என்று எவரும் சொல்வதில்லை. பெரிய நிலச்சுவான்தாருக்கு இந்த நஷ்டம் பெரிதன்று. இரண்டு ஏக்கர் மானாவாரியும் ஒரு குட்டையும் உடைய மலைக்குடியானவரோ, ஒருமுறை இழந்தபின் மீண்டும் அத்தொழிலை நாடுவதில்லை.

மீன்குஞ்சுக்கு முதல் உணவு உயிருள்ள இரையே என்பதை உலகம் பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டது. அப்பாடம் ஐயத்திற்கு இடமின்றி விளங்கியது குளத்து மீனில் அன்று. குளிர்ந்த கடல்களில் வாழும் தட்டை மீன்களில் ஆகும். மலைநாட்டு விவசாயிக்குக் கடல் மீனின் வரலாறு எதற்கு என்று வினவலாம். மேலே கூறிய அதே பிழையை அரசாங்கங்களே பல ஆண்டுகள் செய்து, பின்னர் திருத்திக்கொண்ட வரலாறு அது. ஆதலின் அறிந்துகொள்வது நன்று.

தட்டை மீன் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. நம் கரையோரத்துப் பரதவர் நாக்கு மீன் என்றும் எருமை நாக்கு என்றும் இவ்வினத்து மீன்களை அழைப்பர். எருமை நாக்கு மீனின் சாஸ்திரப் பெயரிலேயே எருமை என்னும் தமிழ்ச் சொல் இன்றளவும் வழங்குகின்றது. இவ்வினத்தின் குஞ்சு பொரிக்கும்பொழுது மற்ற மீன்குஞ்சைப் போலவே இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணுடன் நிமிர்ந்து நீந்தும். சில வாரங்களில் ஒரு கண் தலையைச் சுற்றி மறு பக்கத்திற்கு நகர்ந்துவிடும். பிறகு மீன் ஒருக்களித்துக் கடலின் தரையில் படிந்து வாழத் தொடங்கும். இவ்வளவு பெரிய மாறுதலைச் சில வாரங்களில் கடக்க வேண்டியிருப்பதால், அக்காலத்தில் உணவு குறைந்த குஞ்சு பிழைப்பது அரிது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஸ்காட்லாந்திலும் ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவின் போர்ட் எரின் என்னும் ஊரிலும், பிளெய்ஸ் என்ற தட்டை மீனுக்குப் பொரிப்பகங்கள் அமைக்கப்பட்டன. முட்டைகளைத் திரட்டிப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை இரை உண்ணத் தொடங்கும் முன்னரே லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் கடலில் விட்டனர். விட்ட எண்ணிக்கை ஆண்டுதோறும் அறிக்கைகளில் அச்சாயிற்று. அவற்றுள் எத்தனை பிழைத்தன என்பதை எவராலும் காட்ட முடியவில்லை. கடலில் பிளெய்ஸ் பெருகியதற்கும் சான்று கிடைக்கவில்லை. பொரிக்கச் செய்வது எளிது, உண்பிப்பதே அரிது என்பது அம்முயற்சிகளால் தெளிந்த உண்மை.

1930-களில் இதற்கு வழி பிறந்தது. உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் ஆர்ட்டீமியா என்னும் மிகச் சிறிய இறால் இனத்தின் குஞ்சு, மீன்குஞ்சுகளுக்கு ஏற்ற இரை என்று 1933-இல் அமெரிக்காவில் ஆல்வின் சீல் என்பவர் எடுத்துக்காட்டினார். 1939-இல் நார்வே தேசத்து ரோலெப்சன் என்பவர் அதனைக் கொண்டு பிளெய்ஸ் குஞ்சுகளை வளர்க்கலாம் என்று நிறுவினார். ஆர்ட்டீமியாவின் முட்டை உலர்ந்த நிலையில் நெடுநாள் கெடாது. உப்பு நீரில் இட்டுக் காற்றூட்டினால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும். விதை நெல்லைப் போல் சேமித்து வைத்து வேண்டிய நாளில் முளைக்கச் செய்யக்கூடிய இரை இது. இதன் துணையினால் 1960-களில் ஷெல்போர்ன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் இங்கிலாந்தின் லோஸ்டாப்டிலும் போர்ட் எரினிலும், கண் இடம் மாறும் பருவத்தைத் தாண்டி ஏராளமான பிளெய்ஸ் குஞ்சுகளைத் தொட்டிகளிலேயே வளர்த்துக் காட்டினர். முன்னர் தோல்வியுற்ற அதே மீன் இப்பொழுது தழைத்தது. முறையாக இரை கிடைத்ததே அம்மாறுதலுக்குத் தலையாய காரணம்.

எனினும் ஆர்ட்டீமியா எல்லா மீனுக்கும் முதல் இரை ஆகாது. டர்பட் என்னும் மற்றொரு தட்டை மீனின் குஞ்சு பொரிக்கும்பொழுது ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே இருக்கும். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சு அதன் வாயில் நுழையாது. அதனினும் சிறிய இரை வேண்டியிருந்தது. அது கிடைத்த வரலாறு சுவையானது. ஜப்பானில் விலாங்கு மீன் வளர்க்கும் குளங்களில் ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர் பெருகித் தொல்லை தந்துவந்தது. வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகள் சக்கரம் சுழல்வது போல் தோன்றுவதால் அதனைச் சக்கர உயிர் எனலாம். அத்தொல்லையையே மீன்குஞ்சுக்கு உணவாக்கலாம் என்று இட்டோ என்ற ஜப்பானியர் 1960-இல் எடுத்துரைத்தார். அதன் பின்னர், முதலில் ரோட்டிபர், அடுத்து ஆர்ட்டீமியா, கடைசியாகத் தூள் தீவனம் என்னும் வரிசை பல நாட்டுப் பொரிப்பகங்களில் நிலைத்துவிட்டது.

பின்னும் ஒரு குறை தென்பட்டது. ஆர்ட்டீமியாவை வயிறார உண்டு வளர்ந்த தட்டை மீன்கள் சில, மேனியில் நிறமின்றி வெள்ளைத் திட்டுக்களுடன் காணப்பட்டன. சந்தையில் அவற்றுக்கு மதிப்பில்லை. கடல் நுண்ணுயிர்களில் இயல்பாக உள்ள ஒருவகைக் கொழுப்புச் சத்து ஆர்ட்டீமியாவில் குறைவாயிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கண்டனர். ஆகவே இரையை மீனுக்குக் கொடுக்கும் முன், அந்த இரைக்கே மீனெண்ணெய்க் குழம்பு முதலியவற்றை ஊட்டும் வழக்கம் ஏற்பட்டது. இரை உயிருடன் இருந்தால் மட்டும் போதாது; அதுவும் நன்கு உண்டிருக்க வேண்டும்.

நம் மாநிலத்துக் கடற்கரையிலும் இவ்வழியே பலன் தந்துள்ளது. தட்டை மீன் இங்கே பண்ணை மீனாக வளர்க்கப்படுவதில்லை. ஆயினும் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-இல் கொடுவா மீனையும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளையினர் 2010-இல் கடல்விரால் மீனையும் காப்பில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்தபொழுது, முதல் இரை ரோட்டிபர், இரண்டாவது இரை ஆர்ட்டீமியா என்ற முறையையே கையாண்டனர்.

உயிரிரைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதையும் அறிதல் வேண்டும். பிறந்த குஞ்சு அசையும் பொருளையே இரை என்று கண்டு கவ்வும். தூளாக இட்ட தவிடும் பிண்ணாக்கும் விரைவில் அடியில் படிந்துவிடும். நுண்ணுயிர்களோ நீரின் நடுவே குஞ்சின் கண்ணெதிரே நாள் முழுவதும் திரியும். குஞ்சின் குடல் மிகவும் எளியது. தட்டை மீன் குஞ்சுக்கு அப்பருவத்தில் இரைப்பையே முற்ற அமைந்திராது. மென்மையான உயிரிரையே அதற்கு எளிதிற் செரிக்கும். உண்ணாமல் எஞ்சிய உயிரிரை நீரில் வாழ்ந்துகொண்டிருக்கும். எஞ்சிய தூளோ அழுகி நீரைக் கெடுக்கும். செல்வம் மிகுந்த தேசத்துப் பொரிப்பகங்களும், எத்தனையோ வகைத் தூள் தீவனங்கள் விற்கப்படும் இந்நாளிலும், முதல் சில வாரங்களுக்கு உயிரிரையை விட்டுவிடவில்லை.

இனி நம் குட்டைக்கு வருவோம். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டை இனங்களின் குஞ்சுகளுக்காக முற்காலத்தில் ஆற்று வெள்ளத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியிருந்தது. 1957-இல் ஒடிசாவிலுள்ள அங்குலில் ஹிராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞியும் சுரப்பிச் சாறு செலுத்தி அவற்றைக் குளத்திலேயே முட்டையிடச் செய்த பின், குஞ்சுப் பஞ்சம் படிப்படியாக நீங்கியது. இன்றைய குறை குஞ்சு கிடைக்காமை அன்று. கிடைத்த குஞ்சைப் பிழைக்க வைக்காமையே. பொரித்து மூன்று நான்கு நாளான கெண்டைக் குஞ்சு 6 அல்லது 7 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதன் உணவும் அதே ரோட்டிபரும், நீர்த்தெள்ளு முதலிய சிற்றுயிர்களுமேயாம். கடற்கரைப் பொரிப்பகத்தார் இவ்விரையைத் தொட்டிகளில் செலவிட்டு வளர்க்கின்றனர். நம் விவசாயிக்கு அச்செலவு இல்லை. சாணமும் வெயிலும் நீரும் சேர்ந்தால் குட்டையே அவ்விரையை விளைவிக்கும். நாற்றங்காலைத் தயார் செய்யும் சிரத்தையில் ஒரு பங்கே இதற்கு வேண்டுவது.

10 சென்ட் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குட்டையை எடுத்துக்கொள்வோம். கோடையில் அதனை வற்றவிட்டு அடிமண் வெடிக்கும்வரை காயவிடுதல் நலம். வற்றாத குட்டையாயின், குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்னர் 100 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பரப்பினால், குஞ்சைத் தின்னும் விரால், கெளுத்தி முதலிய மீன்கள் ஒழியும். நஞ்சு தணிந்த பின் அதுவே எருவுமாகும். பிறகு 10 கிலோ சுண்ணாம்பு இட வேண்டும். மலைச் செம்மண்ணில் புளிப்பு கண்டால் சற்று மிகுதியாக இடலாம். நீர் விடும் வாயில் நெருங்கிய வலையைக் கட்டுவது அவசியம். குஞ்சு விடுவதற்கு ஏறத்தாழ 15 நாள் முன்னர் 200 முதல் 400 கிலோ பசுஞ்சாணம் கரைத்து விட வேண்டும். வெள்ளிமலையைப் போன்ற உயர்ந்த இடங்களில் நீர் குளிர்ந்திருப்பதால் இரை பெருகச் சில நாட்கள் கூடுதலாகலாம். நாளை எண்ணிக் குஞ்சு விடாமல் நீரைப் பார்த்து விடுவதே முறை.

நீரைச் சோதிப்பது எளிது. நுண்ணிய பட்டுத்துணி வலையில் 4 குடம் நீரை, அதாவது ஏறத்தாழ 50 லிட்டரை, ஊற்றி வடித்து, தங்கியதைச் சிறு கண்ணாடிக் குழாயில் படியவிட வேண்டும். 1 முதல் 1½ மில்லிலிட்டர், அதாவது 20 அல்லது 30 துளி அளவு, நுண்ணுயிர் படிந்தால் குட்டை தயார் என்று அறியலாம். வலை இல்லாதவர் கண்ணாடித் தம்ளரில் நீரை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். துள்ளித் திரியும் புள்ளிகள் தெரிய வேண்டும். முழங்கைவரை நீரில் கையை விட்டு உள்ளங்கை மறைகின்றதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் மழைக்குப் பின் செம்மண் கலங்கிய நீரிலும் உள்ளங்கை மறையும். அது இரையின் அடையாளமன்று. கலங்கலில் வெயில் நுழையாது. வெயில் நுழையாத நீரில் பாசியும் இல்லை, இரையும் இல்லை. தெளியும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

காலம் தாழ்த்துவதும் தவறு. எரு இட்ட நீரில் முதலில் பாசியும், பின் ரோட்டிபரும், அதன்பின் பெரிய சிற்றுயிர்களும் தோன்றும். மேலும் தாமதித்தால் குஞ்சைப் பிடித்துத் தின்னும் நீர்ப்பூச்சிகள் பெருகிவிடும். பூச்சிகள் காணப்பட்டால், குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்னர், காற்றில்லாத வேளையில், சுமார் 700 கிராம் சோப்பும் 2¼ கிலோ எண்ணெயும் கலந்த கரைசலை நீரின்மேல் பரப்புவது வழக்கம். மூச்சுக்காக மேலே வரும் பூச்சிகள் அதனால் மடியும். இத்தனையும் செய்தபோதிலும், நுண்குஞ்சு ஓர் அங்குல அளவு வளரும்போது நூற்றுக்கு 30 முதல் 40 பிழைத்தால் அது நல்ல பலன் என்று கொள்ளப்படுகின்றது. முறையாகச் செய்தவருக்கே இதுவாயின், ஒன்றும் செய்யாதவர் கணக்கைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்குச் சில ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. விரல் அளவுள்ள குஞ்சையே வாங்கிவிட்டால் இத்தொல்லை இல்லையே என்பது ஒன்று. நாள்தோறும் குட்டையைக் கவனிக்க இயலாதவருக்கு அது தக்க யோசனையே. ஆனால் விரல் அளவுக் குஞ்சுக்கு விலை அதிகம். மலைப்பாதையில் கொண்டு வருகையில் சேதமும் உண்டு. அன்றியும் கட்லா மீன் ஆயுள் முழுவதும் நீரிலுள்ள சிற்றுயிர்களையே விரும்பி உண்பது. ஆதலின் பெரிய குஞ்சை விடுபவருக்கும் இரை விளையும் நீர் ஆதாயமே. ஊரில் ஒருவர் சிறு நாற்றுக் குட்டை வைத்து, நுண்குஞ்சை ஓர் அங்குலமாக்கி மற்றவருக்கு விற்பாராயின், அனைவருக்கும் நன்மை உண்டு.

சாணம் இட்டால் நீர் கெடுமே என்பது மற்றொரு ஆட்சேபம். இது நியாயமானது. மனிதரும் கால்நடையும் குடிக்கும் நீரில் இம்முறையைக் கையாளலாகாது. மலையில் ஊற்றுக்கும் ஓடைக்கும் அருகில் நாற்றுக் குட்டை வெட்டுவதும் கூடாது. இம்மலையில் தோன்றும் கோமுகி ஆற்றின் நீரை அடிவாரத்து அணையும் கீழுள்ள ஊர்களும் எதிர்நோக்கியுள்ளன. குட்டையின் கழிவு நீரை ஓடையில் விடாமல் தோட்டத்திற்குப் பாய்ச்சுவதே முறை. பயிருக்கும் அது நல்ல எருவாகும்.

தவிடும் பிண்ணாக்கும் போட்டாலே போதும் என்பவரும் உளர். நிலக்கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சம அளவில் நைசாகப் பொடித்து இடுவது துணையுணவாக நன்மையே தரும். துணையுணவு முதல் உணவாகாது. தாய்ப்பால் குடிக்கும் கன்றுக்குப் புல் கட்டைக் காட்டி, உண்ணவில்லையே என்று வருந்துவது பயனற்றது.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பொதுக் குட்டைகளிலும் குத்தகை ஏரிகளிலும் குஞ்சு விடும்பொழுது, எத்தனை ஆயிரம் விடப்பட்டன என்பதே பதிவேட்டில் ஏறுகின்றது. பிளெய்ஸ் குஞ்சைக் கடலில் கொட்டி எண்ணிக்கையை அச்சிட்ட பழைய பொரிப்பகங்களின் கணக்கும் இத்தகையதே. அந்த எண்ணிக்கையுடன் மூன்று விவரங்களைச் சேர்த்து எழுதுவது நலம். எரு இட்ட தேதி ஒன்று. விடும் நாளில் நீரில் இரை காணப்பட்டதா என்பது இரண்டு. பதினைந்து நாள் கழித்துச் சோதனை வலையில் கிடைத்த குஞ்சின் அளவும் தொகையும் மூன்று. இதற்குப் புதிய உத்தரவோ செலவோ வேண்டியதில்லை. ஒரு வலையும் ஒரு தம்ளரும் போதும். இரை இல்லாத நீர் என்று தெரிந்தால், விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பதற்காகக் குஞ்சை விடாமல், ஒரு வாரம் தள்ளி வைப்பதே பொதுப் பணத்தைக் காப்பதாகும்.

விதைக்கும் முன் நிலத்தைப் பண்படுத்துவது நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டாத வழக்கம். குட்டையும் நிலமே, அதில் முதலில் விளைய வேண்டிய பயிர் கண்ணுக்குத் தெரியாத இரைப் பயிர். வரும் மழையில் குட்டை நிறைந்தவுடன் குஞ்சுக்குச் சொல்லி அனுப்பாமல், முதலில் சாணத்தையும் சுண்ணாம்பையும் சேகரித்து, இரண்டு வாரம் பொறுத்து, தம்ளரில் நீரை எடுத்துப் பார்த்த பின்னரே குஞ்சுக்குப் பணம் கொடுக்க வேண்டும். இவ்வொரு மாறுதலைக் கைக்கொள்ளும் விவசாயி, அதே குட்டையிலும் அதே குஞ்சிலும் மிகுந்த பலனை அடைவார் என்பது உறுதி.